ஒரு பெண்மணி எழுதியது

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சான கவிதைத் தொகுப்புகளைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில், இதனால் யாருக்கு என்ன பயன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு மரியாதை. கேட்டிருந்தால் நானும் திணறியிருப்பேன். லண்டனை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது கையால் தொட்டதும் இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில்தான் படித்தேன், அதுவும் கரண்ட் இருந்தபோது.

ஆனால் அந்தக் காலத்து லண்டன் புத்தக வியாபாரிகளை எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கம் என்பதையே அறியாத கூட்டம். பத்துப் பேரின் கவிதைகளைக் கேட்காமலே எடுத்து ஒன்றாகக் கட்டி, ‘பல கைகள் எழுதியவை’ என்று விற்பார்கள். விற்காமல் தேங்கிய தொகுப்புக்கு முதல் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் புதுத் தலைப்போடு இன்னொரு முதல் பக்கம் ஒட்டி, ‘இதுவரை அச்சில் வராதவை’ என்று மறுபடி விற்பார்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கவிதையின் வாலை நறுக்குவார்கள். புத்தகத்தின் முன்னால் ஆதரவளித்த பிரபுக்களின் பெயர்ப் பட்டியல் அந்தஸ்துப்படி நீளமாக வரும். கவிதை எழுதியவர்களுக்குப் பல இடங்களில் பெயரே இருக்காது. ‘ஒரு கனவான் எழுதியது’, ‘ஒரு பெண்மணி எழுதியது’, அவ்வளவுதான்.

சில பிரதிகளில் மட்டும், அந்த ‘ஒரு பெண்மணி’க்குப் பக்கத்தில் பழைய வாசகர் யாரோ மையால் ஒரு பெயரை எழுதி வைத்திருப்பார். என் ஆய்வேட்டின் நாலாம் இயல் முழுக்க இந்த மைப் பெயர்களைப் பற்றித்தான். அச்சில் இல்லாத பெயரைப் பின்னால் ஒருவர் கையால் எழுதி வைத்தால் அது சான்று ஆகாது என்று ஐம்பது பக்கத்தில் நிறுவியிருக்கிறேன். தேர்வாளர்கள் மிகவும் மெச்சிய இயல் அது. நானும் கொஞ்ச காலம் அதை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபை பழைய மிஷன் சபை. அதற்கு ஜூபிலி வந்தது. ஜூபிலி என்றால் எங்கள் பக்கத்தில் மூன்று விஷயம் கட்டாயம்: பிரியாணி, பந்தல், ஜூபிலி மலர். கமிட்டிச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னை மடக்கினார்.

“மக்கா, நீ புத்தகத்தப் பத்தித்தான படிச்சே? அப்போ நீதான் மலருக்கு எடிட்டராக்கும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் பக்கத்தில் என் பெயர் டாக்டரோடு வரும் என்றார். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

கவிதை அனுப்பலாம் என்று சபையில் அறிவித்த வாரத்தோடு, எங்கள் ஊரில் கவிஞர் அல்லாதவர் யாரும் மிஞ்சவில்லை. பெருங்கடவிளையில் கோழிக்கடை வைத்திருப்பவர் நோவாவின் பேழையைப் பற்றி எழுதினார். எல்லா உயிர்களையும் காப்பாற்ற வேண்டும் என்று உருகியிருந்தார். காஞ்சிரங்குளத்துக்குக் கட்டிக் கொடுத்த பெண்களெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். பாதி தமிழ், பாதி மலையாளம், ஒன்றில் இரண்டும் ஒரே வரியில். செயலாளர் மூன்று கவிதை கொடுத்தார். மூன்றும் ஒரே கவிதை, தலைப்புதான் வேறு. லண்டன் வியாபாரிகள் இவரைப் பார்த்திருந்தால் கூட்டுச் சேர்த்திருப்பார்கள். மலரில் என் பெயர் வரும் முதல் பக்கத்தை அடுத்து இருபது பக்கம் புரவலர்களின் புகைப்படம். யாருக்கு முழுப்பக்கம், யாருக்குக் கால்பக்கம் என்று முடிவு செய்ய மட்டும் கமிட்டி நாலு தடவை கூடியது. கவிதைகளைப் பற்றிப் பேச ஒரு தடவையும் கூடவில்லை.

இந்தக் குப்பைக்கு நடுவில்தான் மைனி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அண்ணன் ரப்பர் வெட்டுகிறான், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறான். பாலை உறையவைத்து மெஷினில் ஷீட் அடிப்பது மைனியின் வேலை. அவள் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவாள். எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான். தாளை வாங்கி, சிரிப்பதற்குத் தயாராக வாசித்தேன். சபையில் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தைப் பற்றி எழுதியிருந்தாள்.

*எத்தர கழுவியும் போவாத ரப்பர் மணம்,*
*திருவிருந்துக்கு நான் போவதுக்கு முன்னே*
*எனக்கு முன்னே போய்*
*முழங்கால் போட்டு நிக்குது.*

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த கவிதைகளில் கவிதை என்று சொல்ல இருந்தது இது ஒன்றுதான். தாளின் அடியில், கவிதையைவிடப் பெரிய எழுத்தில், அவள் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தன. அந்தப் பெயரை அவள் கையெழுத்தில் நான் வாசிப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு அவள் மைனி, பிள்ளைகளுக்கு அம்மா. அண்ணன் ‘ஏட்டி’ என்று கூப்பிடுவான். ஊரார் அண்ணன் பெயரைச் சொல்லி, அவனுக்க பெண்டாட்டி என்பார்கள்.

“தம்பி, கவித கொள்ளாமா இல்லியாண்ணு எனக்குத் தெரியாது. வெட்டணும்னா வெட்டிக்கோ. பேரு மட்டும் நல்லா தெரியும்படி போடு மக்கா,” என்றாள். “கல்யாணக் கார்டுல ஒருக்க வந்துது. இனி மரிச்ச பெறகு ஃபிளக்ஸ் போர்டுலதான் வரும். நடுவுல ஒண்ணு வேணும்.”

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு என் படிப்பு வேலையைக் காட்டியது.

கவிதையைத் தமிழ் எழுத்தில் படியெடுத்தபோது, கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் கை நின்றது. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! மலரின் ஒரு பிரதி என் ஆய்வு நெறியாளருக்குப் போகும். அவர் பார்த்து ரசிப்பார். எல்லையைத் தாண்டிப் போய் நான் பாடம் நடத்துகிற தமிழ்நாட்டுக் கல்லூரியில் இரண்டு பேராவது புரிந்துகொண்டு தோளில் தட்டுவார்கள். மைனியின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் தனியாக, பெரிய எழுத்தில் போட்டுவிடலாம், அது இன்னும் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மைனியிடம் சொல்லவில்லை.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் செயலாளர் போன் செய்தார். ஒற்றசேகரமங்கலத்துப் புரவலர் ஒருவரின் படம் விட்டுப்போயிற்றாம், கடைசிப் பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டாராம். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். முதல் பக்கம் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். சரி என்றேன்.

வெளியீட்டு நாளில் மைனி புதுப் புடவை கட்டி, வழக்கமாக உட்காரும் பின்வரிசையை விட்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மலர் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கவிதை வந்த பக்கத்தில் நின்றாள். விரலால் கீழே தேடினாள். பிறகு கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தாள். அங்கே புரவலர் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. போதகரை நாங்கள் அச்சன் என்போம், அவர் மனைவியைக் கொச்சம்மா என்போம். இவ்வளவு நல்ல கவிதையைப் பெயர் போடாமல் எழுதுகிற அடக்கம் கொச்சம்மாவுக்குத்தான் உண்டு என்று பிரியாணிப் பந்தியில் யாரோ சொன்னார்கள். கை கழுவுவதற்குள் அது ஊர் முடிவாகிவிட்டது. கொச்சம்மா ரப்பர் மரத்தைக் காரின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். அதற்கும் ஒரு பெண் விளக்கம் வைத்திருந்தாள்.

“பாவப்பட்டவங்களுக்காக மனசிரங்கி எழுதியிருக்கா, பாத்தியா?”

கொச்சம்மா ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “எல்லாம் கர்த்தருடைய கிருபை” என்றார். பாராட்டியவர்களில் நாலைந்து பேர் மைனி உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் அவரிடம் போனார்கள்.

நான் செயலாளரிடம் ஓடினேன். மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றேன்.

“எலே, இப்போ சொன்னா கொச்சம்மாவுக்கு நாணக்கேடாக்கும். அடுத்த ஜூபிலி மலர்ல திருத்தம் போடுவோம்.”

அடுத்த ஜூபிலிக்கு இருபத்தைந்து வருடம் இருந்தது.

மறுநாள் காலையில் மைனியைத் தேடிப் போனேன். ஷீட் அடித்து முடித்து, கையை இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன மன்னிப்பை முழுதாகக் கேட்டாள். லண்டன், நெறியாளர், கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டாள். சொல்லச் சொல்ல எனக்கே கூசியது. பிறகு உள்ளே போய் மலரை எடுத்துவந்து, ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்ற வரிக்கு மேல் பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரை மலையாள எழுத்தில் அழுத்தி எழுதினாள்.

“தம்பி, நீ இதைத்தான ஆறு வருஷம் படிச்சே? நூறு வருஷம் கழிச்சு உன்னப்போல ஒருத்தன் வந்து இதப் பாத்தா, இது செல்லுமா?”

செல்லாது என்று ஐம்பது பக்கத்தில் நிறுவியவன் நான்.

“செல்லும் மைனி,” என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை. மலரை மூடி, பைபிளுக்கு அடியில் வைத்தாள்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவளிடம் சொன்னேன். இதிலாவது பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

“நீ போடண்டாம் தம்பி,” என்றாள். “போட்டாலும் கடைசிப் பக்கத்திலதான போடுவே.”

இதுதான் கடைசிப் பக்கம். பெயர் போடவில்லை.