பெண் வீட்டில் இருநூறு கேட்டது

“…நான் நூத்தி எழுபது கேட்டாச்சு, மச்சானும் விட்டுட்டாரு. இனி தம்பிதான் சொல்லணும்” என்று பெண்ணின் தகப்பனார் தமது நான்கு சீட்டுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அலுவிகாரை ஊரில் அவர் வீட்டு விறாந்தை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பெண் கேட்டு நான் போனது அது மூன்றாம் முறை. முதல் இரண்டு முறையும் பிளேன்டீ கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அன்று, ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று சொல்லித் தமக்கு எதிரே, கூட்டாளியாக, என்னை உட்கார வைத்துவிட்டார். தோட்டத்து ஸ்டோரில் கிளாக்கராக இருந்தவர். மிளகைத் தராசிலும் மனிசனைச் சீட்டிலும் நிறுப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எதிர்க்கட்சியில் அவருடைய மைத்துனரும், பல்லேபொலயில் மிளகு வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரும்; ஊருக்கே அவர் ‘நானா’.

ஆட்டம் முந்நூற்றிநாலு. ஆளுக்கு எட்டுச் சீட்டு என்றாலும், முதல் நான்கைப் பார்த்ததுமே ‘இத்தனை புள்ளி எடுப்பேன்’ என்று கேட்டுவிட வேண்டும். மற்ற நான்கும் வாய்விட்ட பிறகுதான் கைக்கு வரும். கல்யாணத்தையும் நம் ஆட்கள் இந்தச் சட்டப்படிதான் நடத்துகிறார்கள்.

என் கையில் இஸ்கோப்பனில், அதாவது ஸ்பேடில், ஜாக், ஒன்பது, ஆசு. அந்த ஆட்டத்தில் அதற்குமேல் பெரிய சீட்டு கிடையாது. போதாததற்கு வேறொரு ஜாக்கும் இருந்தது. கடைப் பெடியன்களோடு ஆடும்போது இது வந்திருந்தால் இருநூற்றிருபது என்று மேசையைத் தட்டியிருப்பேன். என் துணிக்கடை முதலாளி எதிரில் இருந்தால் இதே கை நூற்றியறுபதோடு அடங்கிவிடும். பெண்ணைப் பெற்றவர் எதிரில் இருக்கும்போது அதன் மதிப்பு என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதிலும் ஒரு கண்டிப்பான விதி. கூட்டாளி கேட்டதற்கு மேல் கேட்பதென்றால் இருநூறுக்குக் குறையக் கூடாது. அதாவது, ‘ஐயா, உங்கள் கை போதாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கை வீண். நான் விழிப்பதைப் பார்த்த நானா தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “கையப் பாத்துக் கேக்கிறவன் ஒருநாள் தோப்பான் தம்பி. மூஞ்சப் பாத்துக் கேக்கிறவன் ஒவ்வொரு நாளும் தோப்பான்.”

“இருநூறு” என்றேன்.

மைத்துனருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. என் கூட்டாளிப் பெரியவர் சீட்டால் பேசினார். நான் ஜாக்கை இறக்கினால் கூட்டாளி கையிலுள்ள பெரிய சீட்டை அதன்மேல் போட்டுப் புள்ளியைச் சேர்ப்பதுதான் முறை. அவர் ஏழைப் போட்டார். அடுத்த ஜாக்குக்கு எட்டைப் போட்டார். இப்படிப் பத்திரப்படுத்திய பத்தையும் ஆசையும் கடைசியில் மைத்துனரும் நானாவும் வழித்துக்கொண்டு போனார்கள். இருநூறுக்கு ஐந்து புள்ளி குறைந்து தோற்றோம்.

“மச்சான், பத்த வச்சிக்கிட்டு ஏழப் போட்டீங்களே” என்றார் மைத்துனர். “கண்ணு தெரியலையா, தம்பி மேல கோவமா?”

தோற்றவர்கள் காதில் மிளகுக் கொத்தைத் தொங்கவிட்டுக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். நானா எங்கள் இருவருக்கும் பயபக்தியோடு மாட்டிவிட்டார். ஒற்றைக் காதில் பச்சை மிளகு ஆட, பெரியவர் எழுந்தார்.

“எனக்கு மேல கேக்கிற ஆளுக்கு எதுக்க என்னால உக்கார ஏலாது.”

முடிந்தது என்று நானும் எழுந்து செருப்பைத் தேடினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் பயணத்தையும் ஒரு வாயால் கெடுத்துக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“நீங்க எங்க போறீங்க?” என்றவர், உள்ளே திரும்பினார். “இந்த வீட்டுல என்னய மிஞ்சிக் கேக்கிறதுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. அவ வந்து உங்களோட மல்லுக்கட்டட்டும்.”

கதவுச் சீலையை விலக்கி மகளைக் கூப்பிட்டார். தம் கதிரையை இழுத்து எனக்கு எதிரே அவளை உட்கார வைத்து, சீட்டுக்கட்டை அவள் கையில் கொடுத்தார்.