ராக்ஸி உட்கார்ந்த இடம்

ஒரு நாய் உட்கார்ந்ததைப் பார்த்து, என் மச்சினன் கஞ்சா வியாபாரி, நான் அவனுடைய கூட்டாளி, என் பையனுக்கு இனி வேலை கிடையாது என்று முழுசாக நம்பியவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

இன்று காலை வீட்டுக்குக் கூரியர் வந்தது. மனைவி மிக்ஸி ஜார் வரவழைத்திருந்தாள். அட்டைப்பெட்டியைச் சுற்றி பிரவுன் டேப். அவள் கத்தியை வைத்து சர்ரென்று இழுத்தாள். நான் எழுந்து கக்கூஸ் பக்கம் நடந்தேன்.

"இப்பத்தான போய்ட்டு வந்தீக?" என்றாள்.

போலீஸ் வண்டி ஓட்டியே முதுகைத் தேய்த்தவனுக்குப் பிரவுன் டேப்பைப் பார்த்தால் சட்னியா ஞாபகம் வரும்? எங்கள் பக்கத்தில் மலையடிவாரத்தில் பிடிபடுகிற கஞ்சாப் பொட்டலங்கள் பெரும்பாலும் இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், எனக்கு ஈர நாய், டெட்டால், சூடான டயர் மூன்றும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறிவிடும். நான் கடைசியாக ஓட்டியது மோப்பநாய் வண்டி. பின்சீட்டில் ராக்ஸி. கறுப்பு லேப்ரடார். பக்கத்தில் அவளைப் பழக்கிய எஸ்.எஸ்.ஐ. சன்னாசி அண்ணன். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால், "மெல்லப் போப்பா, பிள்ள சாயுது" என்பார். நான் சாய்ந்ததை ஒரு நாளும் கேட்டதில்லை.

ராக்ஸியின் வேலை கஞ்சாவைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தால் குரைக்க மாட்டாள், பிறாண்ட மாட்டாள். பொட்டலத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள், அவ்வளவுதான். அவள் உட்கார்ந்தால் எதிராளி எழுந்து நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஒவ்வொருத்தன் முகம் போகிற போக்கை டிரைவர் சீட்டிலிருந்து பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். எல்லாச் சிரிப்புக்கும் சேர்த்து ஒரே நாளில் வசூலானது.

முதுகு கெட்டதும் நான் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். வந்த சூட்டோடு ஓய்வு பெற்ற காவலர் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே பெரும்பாலானவர்கள் எழுபதைத் தொட்டவர்கள். ஐம்பதைத் தாண்டிய நான்தான் இளைஞரணி. நாற்காலி போடுவது, இலை வாங்குவது, உப்புக்கு ஓடுவது எல்லாம் இளைஞரணியின் பொறுப்பு. டிபார்ட்மெண்ட்டில்கூட அவ்வளவு வேலை பார்த்ததில்லை.

வாட்ஸப் குழுவின் தொல்லை தனி. தலைவர் பழைய இன்ஸ்பெக்டர். அவரை இன்றைக்கும் 'ஐயா' என்றுதான் சொல்வோம், பேர் சொல்ல நாக்கு வராது. அவர் குரல் பதிவு அனுப்பினால் முடிவில் 'ஓவர்' என்பார். செய்தி போடுகிறவர் பழைய ஸ்டேஷன் ரைட்டர் பெருமாள் அண்ணன். எழுத்து வேலையிலேயே காலம் கழித்தவர், அந்த நடை அவரை விட்டுப் போகவில்லை. சாவுச் செய்தி இப்படி வரும்: 'மேற்படியார் நேற்று மாலை தமது இல்லத்தில் இயற்கை எய்தினார். சந்தேகப்படும்படி ஏதுமில்லை.' அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படம். எரிச்சலில் ஒருநாள், "செத்ததுக்கு எதுக்கு அண்ணே கட்டைவிரல்?" என்று கேட்டேன். அதற்கும் ஏழெட்டுக் கட்டைவிரல் விழுந்தது.

அந்த வருடக் கூட்டம் அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில். ஐயா ஒரு வாரம் முன்பே குரல் பதிவு அனுப்பினார். "நம்ம டிபார்ட்மெண்ட்ல ஓய்வு பெத்த நாலுகால் ஆபீசருக்கு இந்தத் தடவ சால்வை போடுறோம். சன்னாசி, பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. சின்னதா ஒரு டெமோவும் காட்டணும். ஓவர்." தானும் ராக்ஸியும் ஓய்வு பெற்றதும் டிபார்ட்மெண்ட்டில் எழுதிக்கொடுத்து, அவளைத் தேவாரத்தில் தன் வீட்டுக்கே கூட்டிப் போயிருந்தார் சன்னாசி அண்ணன். வழக்கமாக ராக்ஸி பேரைச் சொன்னாலே ஒரு பக்கத்துக்குப் பேசுகிற மனுஷன், அன்றைக்கு வெறும் 'சரிங்கய்யா' என்று போட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

எனக்கு வந்த உத்தரவு, கம்பத்திலிருந்து இரண்டு பெட்டி பன்னீர் திராட்சை. காலையிலேயே போனேன். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மச்சினன் வந்தான். குமுளியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அதற்கு முன்பு ஈமு வளர்த்தான், முயல் வளர்த்தான், வளர்த்த எல்லாமே அவனை விட்டுவிட்டு ஓடின. என் பையின் ஜிப்பைத் திறந்து செங்கல் அளவில் ஒரு பொட்டலத்தைச் சொருகினான். சுற்றிச் சுற்றிப் பிரவுன் டேப்.

"அக்காட்ட குடுத்துருங்க மச்சான். வழியில பிரிச்சிராதீக, வாடை கௌம்பிரும்."

'முன்பின் தெரியாதவர் தரும் பொருளை வாங்காதீர்கள்' என்று ஜீப் மைக்கில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனவன் நான். மச்சினன் தெரிந்தவன்தானே. வாங்கிக்கொண்டேன். என்ன பொருள் என்று கேட்கக்கூட இல்லை. பஸ் கிளம்புகிற அவசரம்.

தோப்புக்குப் போனால் அங்கே ஒரு கூத்து. நிழலாக ஒரே ஒரு மாமரம், மோட்டார் ரூம் ஓரத்தில். மற்றதெல்லாம் புதிதாக நட்ட தென்னை, இடுப்பளவு. ஐயா நாற்காலிகளை வெட்டவெளியில் வரிசையாகப் போடச் சொல்லியிருந்தார்.

"மரத்தடியில போட்டா என்னங்கய்யா?"

"மரத்தடியில ஆளுக்கொரு மூலையில உக்காந்தா அது பரேடு ஃபாலின் மாதிரியாப்பா இருக்கும்? வரிசை வேணும்."

சரி, வெந்து சாவோம் என்று விட்டுவிட்டேன். திராட்சை வாடக் கூடாதென்று பெட்டிகளை மட்டும் மாமரத்தடியில் வைத்து, பையையும் அதிலேயே சாய்த்தேன்.

முதலில் ஆஜர் பட்டியல். பேரைக் கூப்பிடக் கூப்பிட 'ஆஜர்' சொல்ல வேண்டும். காது கேட்காதவர்கள் பக்கத்து ஆளுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். செத்துப்போன ஒருவருக்கும் ஆஜர் விழுந்தது. பிறகு செய்திகள்: யாருக்கு மூட்டு மாற்றினார்கள், யார் மகள் கனடா போனாள், யாருக்குச் சர்க்கரை எவ்வளவு. என் முறை வந்தது. பையனுக்கு மத்திய அரசு வேலை கிடைத்திருக்கிறது, நன்னடத்தை விசாரணைதான் பாக்கி என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நடக்கப்போவது தெரிந்திருந்தால் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"சன்னாசி, டெமோ!" என்றார் ஐயா.

ராக்ஸி முன்னங்கால் நரைத்து, வயிறு தொங்கி, மெல்ல நடந்து வந்தாள். நாற்காலி வரிசையின் ஓரமாகவே சன்னாசி அண்ணன் கூட்டிப் போனார். பாதி வரிசையில் அவள் அவரை இழுத்துக்கொண்டு திரும்பினாள். நேராக மாமரத்துக்குப் போனாள். என் பைக்குப் பக்கத்தில் நின்றாள். உட்கார்ந்தாள்.

அத்தனை கிழவர்களும் ஒரே நேரத்தில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். கறி கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"யாரு பை அது?" என்றார் ஐயா. அந்தக் குரலில் பென்ஷனர் இல்லை. பழைய இன்ஸ்பெக்டர் இருந்தார்.

என் வாய் தானாகச் சொன்னது: "என்னுது இல்லீங்கய்யா."

பையில் என் பேர் இருந்தது. கொட்டை எழுத்தில், இனிஷியலோடு. ஓய்வு பெறும்போது இதே கூட்டம் அச்சடித்துக் கொடுத்த பை.

"ஏலே, உன் பேர்ல எத்தன டிரைவர்லே இருக்கான் இங்கன?" என்றார் ரைட்டர் பெருமாள் அண்ணன்.

வாடை கௌம்பிரும், வாடை கௌம்பிரும் என்று மச்சினன் குரல் தலைக்குள் சுற்றியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனசு ஓடிய வேகத்தில் வண்டியைக்கூட நான் ஓட்டியதில்லை. மறுநாள் பேப்பரில் படம். பையன் பேருக்கு எதிரே சிவப்பு மை. மச்சினனைக் காட்டிக்கொடுத்தால் மனைவி விடமாட்டாள், காட்டிக்கொடுக்காவிட்டால் ஐயா விடமாட்டார். ஜெயிலில் முதுகுவலிக்குக் கட்டில் தருவார்களா என்றுகூட யோசித்துவிட்டேன்.

"பிரிச்சுப் பாத்துருவோம்யா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"யாரும் தொடக்கூடாது!" என்றார் ஐயா. "முறைப்படிதான் செய்யணும்."

அங்கே ஆரம்பித்தது என் தலைவேதனை. இந்தத் தோப்பு எந்த ஸ்டேஷன் எல்லை? வாய்க்காலுக்கு அங்கிட்டு ஒரு ஸ்டேஷன், இங்கிட்டு ஒரு ஸ்டேஷன். மாமரம் வாய்க்கால் கரையில் குறுக்கே சாய்ந்து நிற்கிறது. வேர் பக்கம்தான் கணக்கு என்று ஒருவர், கிளை பக்கம் என்று இன்னொருவர். ரைட்டர் அண்ணன் பொருளைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுதக் காகிதம் கேட்டார். இல்லையென்றதும் சாப்பாட்டு இலையைத் திருப்பிப் போட்டுப் பேனாவை உதறினார். சாட்சி ரெண்டு பேர் வேண்டும் என்றார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவிட்டார்.

"நாமளே சாட்சி போடலாம்ல?" என்றார் ஒருவர்.

"போலீஸ்காரன் மட்டும் சாட்சியா இருந்தா நிக்காதுய்யா. பொதுமக்கள் வேணும்."

"நாமதான் ரிட்டயர்டு ஆயிட்டமே. இப்ப நாமதான் பொதுமக்கள்."

அதைக் கேட்டுச் சிலர் தங்கள் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் சன்னாசி அண்ணன் ராக்ஸிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாரை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். "எந்திரி ஆத்தா. எந்திரிச்சு வா." அவள் அசையவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"ஐயா, தம்பிய விட்ருங்க. இவளுக்கு மோப்பம் போயி ரொம்ப நாளாச்சு."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"கறித்துண்ட மூக்குகிட்ட வச்சாலும் தெரியாது. கையில எடுத்து வாயில வைக்கணும். டாக்டர் இனி வராதுன்னுட்டாக."

"அப்பறம் ஏன்யா டெமோன்னதும் சரின்ன?" என்றார் ஐயா.

"சால்வை போடுறேன்னு சொன்னீக. வேணாம்னு சொல்ல வாய் வரல. இப்படி ஓரமா நடக்கவிட்டுக் கூட்டிட்டு வந்துரலாம்னு நெனச்சேன்."

ஐயா பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து, தன் சாவிக்கொத்தால் டேப்பைக் கீறினார். புகைவாடையும் புளிப்பும் குப்பென்று வந்தது. குடம்புளி. மீன்குழம்புக்கு என் மனைவி தம்பியிடம் கேட்டிருந்த குடம்புளி, கருகருவென்று.

"இதுக்கா இலையில எழுதுனேன்?" என்றார் ரைட்டர் அண்ணன்.

ஐயா சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தார். ராக்ஸி எழுந்திருக்கவில்லை, அவர்தான் குனிந்தார். போர்த்திவிட்டு, ஒரு கணம் விறைப்பாக நின்றார். வரிசையில் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

பையன் இப்போது நாக்பூரில் இருக்கிறான். விசாரணைக்கு வந்த ஏட்டு டீ குடித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் ராக்ஸி போய்விட்டாள். 'மேற்படி ராக்ஸி இன்று காலை இயற்கை எய்தினார்' என்று ரைட்டர் அண்ணன் குழுவில் போட்டார். சந்தேகப்படும்படி ஏதுமில்லை என்ற வரியை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டார். கட்டைவிரலும் யாரும் போடவில்லை. ஐயா, மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். தோப்பில் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள்; மாமரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு விளம்பரப் பலகை. கூட்டம் மொபைலில் நடக்கிறது. ஆஜர் சொல்ல ஆளுக்கு ஒரு பொத்தான்.

ராக்ஸிக்குக் கொஞ்சம் மோப்பம் மிச்சம் இருந்தது, குடம்புளிக்கு அடியில் வேறு ஏதோ இருந்திருக்கும் என்று குழுவில் இன்னும் சிலர் கிளறுகிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்ச நாள் இருந்தது. தேவாரம் போயிருந்தபோது சன்னாசி அண்ணனிடம் கேட்டே விட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்.

அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்திருந்தது. அன்றைக்கு வெயில் ஏறிவிட்டது. தோப்பில் வேறு நிழல் இல்லை.