பனிமலைக்கு முன் பாலாற்று மணல்

செப்டம்பர் கடைசி ஞாயிறு. காலை ஆறு பத்துக்கு உத்திரமேரூர் கடைத் தெருவைத் தாண்டினோம். ஜீப்பை ஓட்டியவள் நான். பக்கத்தில் என் கணவர் சபாபதி. பின்னால், மலைக்கு ஏற்றப்போகும் சாமான்களின் எடைக்காக மணல் நிரப்பிய ஆறு சணல் சாக்குகள், இரண்டு பெட்ரோல் டின்கள், ஒரு மண்வெட்டி. அவற்றுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லாமல் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். போகிற இடம் இருபது கிலோமீட்டரில் இருக்கும் திருமுக்கூடல். அங்கே பாலாற்று மணலில் இறங்கி, எதிர்க்கரையான பழையசீவரத்தில் ஏற வேண்டும். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். இதை நான் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால்தான் அடுத்த மாதம் இமயமலைக்குப் போவது என்று ஏற்பாடு.

இந்தப் பயணத்தின் விதையைப் போட்டவர் காதர் பாய்தான். எங்கள் ஊரில் டயர் கடை வைத்திருக்கிறார். இளவயதில் ஏழு வருஷம் குலு பள்ளத்தாக்கிலிருந்து டில்லிக்கு ஆப்பிள் லாரி ஓட்டியவர். என் கணவர் பம்பு செட்டு பழுதுபார்க்கிறவர். ராணுவம் கழித்துக் கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து அவரே சீர் செய்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சாயங்காலம் டயர் கடையில் டீ குடித்துக்கொண்டே பாய் பனியைப் பற்றிச் சொல்வார். ரோடாங் என்று ஒரு கணவாய், பதின்மூன்றாயிரம் அடி உயரம், அக்டோபரில் பனி விழ ஆரம்பிக்கும், நவம்பரில் பாதையே மூடிப்போகும். ஐந்து வருஷம் இதைக் கேட்ட என் கணவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “நானும் பாயும் போறோம்” என்றார். நானும் அதே ஐந்து வருஷம் அதே கதைகளை அவர் வாயால் கேட்டவள். எனக்கு ஆசை உண்டா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திட்டம் போடுவதில் இருவரும் கெட்டி. வீட்டுக் கூடத்தில் இந்திய வரைபடத்தை விரித்து நூலால் அளந்தார்கள். நாக்பூர், டில்லி வழியாக மணாலிக்கு இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல்; நாளைக்கு முந்நூறு என்றால் பத்து நாள். சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்த பிறகுதான் எங்களால் நகர முடியும். மணாலியில் விடுதி நடத்தும் சர்தார் ஒருவர் பாய்க்குப் பழைய சிநேகிதர். அவருக்குக் கார்டு போட்டார்கள். ‘இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்துவிடு. அதற்குப் பிறகு மேலே போகலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்’ என்று பதில் வந்தது. ஆக, கீழே வயலும் மேலே பனியும் விட்ட இடைவெளி மொத்தம் இரண்டே வாரம். சக்கரத்தில் மாட்டும் பனிச் சங்கிலிக்காகச் சென்னைக்கு இரண்டு முறை அலைந்து, பழைய ராணுவச் சாமான் கடையில் ஜோடி நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கி வந்தார்கள்.

அப்போதுதான் பாயின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானது, சரியாக அக்டோபர் நடுவில். பாய் வர முடியாது. அவ்வளவு தூரத்தை ஒரே ஆள் ஓட்டவும் முடியாது. என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் சொன்னேன்: “இன்னொரு டிரைவர் இந்த வூட்லயே கீது.”

கோடையில் ஏரி வற்றியபோது அந்தத் தரையில்தான் ஜீப் ஓட்டப் பழகினேன். செங்கல்பட்டுக்குப் போய் லைசென்ஸும் வாங்கியாயிற்று. ஆனால் இரண்டு வருஷத்தில் என்னை மதுராந்தகத்துக்கு அப்பால் அவர் ஓட்ட விட்டதில்லை. “ஏரி வேற, மலை வேற, வசந்தா” என்றார். பாய்தான் குறுக்கே புகுந்தார்.

“சபாபதி, பேசிக்கினே இருந்தா எப்பிடி? பாலாத்து மணல்ல ஓட்டட்டும். நான் பின்னால குந்திக்கினு பார்க்கறேன். சரின்னா சரி. இல்லன்னா வுட்ரு, அடுத்த வருஷம் நானே வர்றேன்.”

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஏழு மணி. திருமுக்கூடல் கரையில் ஜீப்பை நிறுத்தினேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அன்று மூன்றிலும் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை மணல், நடுவில் நாணல் திட்டுகள், அவற்றின் ஓரமாக மாட்டுவண்டித் தடம். எதிரே பழையசீவரம் மலையும் அதன்மேல் கோயிலும் வெயிலில் துலக்கமாகத் தெரிந்தன. டயர்களில் காற்றைப் பாதிக்கு இறக்கச் சொன்னார் பாய்.

“டயர் நல்லா பரவிக்கினு போவணும், தங்கச்சி. எறங்கிட்டா நடுவுல கியர் மாத்தாத. பிரேக்கைத் தொடாத. பனிலயும் இதேதான்.”

தாழ்ந்த கியரில் இறங்கினேன். முதல் நூறு கெஜம் ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. எருமைக் கன்றைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. பிறகு அதைக் கொஞ்சம் அதன் போக்கில் விட்டுப் பிடித்தால் போதும் என்று புரிந்தது. ஐந்தே நிமிஷத்தில் அக்கரையில் ஏறிவிட்டோம். என் கணவர் சட்டையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டார். பாய், “நாஷ்டா பண்ணிட்டு வருவோம் வா” என்றார்.

பழையசீவரத்தில் இட்லி பதினைந்து காசு. பாய் எட்டு சாப்பிட்டார். மலைப் படியேறி மேலிருந்து ஆற்றைப் பார்த்தோம். எங்கள் சக்கரத் தடம் மணலில் இரண்டு கோடுகளாகத் துல்லியமாகத் தெரிந்தது. மேற்கே மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தவுடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் கணவர் கடைக்காரரிடம் இமயமலைப் பயணத்தை விவரிக்க ஆரம்பித்துவிட்டார். முடிக்கும்போது பதினொன்றரை.

ஆற்றில் மறுபடி இறங்கும்போது, எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் கை காட்டி நிறுத்தினார்.

“இன்னா நைனா, இப்ப போயி எறங்கறீங்க? செய்யாத்துல தண்ணி வந்துகினு கீதாம். மேல நல்ல மழை.”

“எவ்ளோ நேரத்துல வரும்?” என்று கேட்டார் என் கணவர்.

“அது இன்னா, பஸ்ஸா டைம் சொல்றதுக்கு?”

என் கணவர் வாட்சைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷ வேலை. போயிடலாம் வசந்தா.” நானும் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். இதில் அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

முக்கால் பங்கு தாண்டியிருப்போம். காலையில் வெள்ளையாக இருந்த மணல் முன்னால் காபிப்பொடி நிறத்துக்கு மாறியிருந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மினுமினுவென்று ஒரு ஈரம். அதைப் பார்த்த பதற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தேன். பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று, அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன.

“மிதி, மிதி! இன்னும் மிதி!” என்று கத்தினார் என் கணவர். மிதித்தேன். இன்னும் இறங்கியது. பின்னால் திரும்பிப் பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பரீட்சை ஹாலில் வாத்தியார் வைத்திருக்கும் முகம்.

காலை எடுத்தேன். என்ஜினை அணைக்காமல் கீழே இறங்கினேன். கணுக்கால் நனைந்தது. எதிரே எங்கள் கரை தெளிவாகத் தெரிந்தது, எண்பது கெஜம் இருக்கும். நடுவில் பழுப்புத் தண்ணீர் கோரைப்பாய் விரித்தது போல் பரவி வந்துகொண்டிருந்தது.

“இன்னாங்க, நீங்க மொதல்ல எறங்குங்க. எடை குறையும். பாய், நீங்களும்தான்.”

“நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கறேன், நீ இப்பிடி வா” என்றார் என் கணவர்.

“வாணாம். சாக்கை அவுருங்க.”

ஆறு சாக்குகளிலிருந்த மணலையும் ஆற்றிலேயே கொட்டினோம். மண்வெட்டியால் சக்கரத்துக்குப் பின்புறம் தோண்டி, காலிச் சாக்குகளை மடித்து டயருக்கு அடியில் திணித்தேன். என் புடவை முழங்கால் வரை சேறு. அப்போதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் முன்னால் போகச் சொன்னார்; எண்பது கெஜம்தான், எதிரே நம்ம ஊர் ரோடு. நான் பின்னால் போகிறேன் என்றேன்.

“பின்னால முந்நூறு கெஜம் கீது. பைத்தியமா உனக்கு?”

“பின்னால நம்ம தடம் கீதுங்க. அது கெட்டின்னு தெரியும். முன்னால தண்ணிக்கு அடியில இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின் கியர் போட்டு, கால் விரலால் மட்டும் தொடுகிற அளவு மிதித்தேன். சாக்கின்மேல் சக்கரம் ஏறிய அந்தக் கணத்தை என்னால் இப்போதும் முதுகுத்தண்டில் உணர முடியும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே வந்தது. நிறுத்தவில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டு முந்நூறு கெஜமும் பின்னாலேயே ஓட்டினேன். அவர்கள் இருவரும் காலிச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள்.

பன்னிரண்டேகால் மணிக்கு, பழையசீவரம் கரையில் நின்று பார்த்தோம். வண்டி சிக்கிய இடத்தில் இப்போது தண்ணீர் இடுப்பளவு சுழித்துக்கொண்டு போயிற்று. பாய் என்னிடமிருந்து சாவியை வாங்குவார் என்று நினைத்தேன். அவர் டயர்களுக்குக் காற்றடித்துவிட்டு, பழையபடி பின்னால் ஏறிக்கொண்டார்.

“ஓட்டறதுக்கு நெறைய பேரு கீறாங்க, சபாபதி. எங்க திரும்பணும்னு தெரியாமதான் அந்த மலைல எங்க ஆளுங்க ரெண்டு பேரு போய் சேர்ந்தானுங்க. நீ கூட்டிக்கினு போ. தகிரியமா போ.”

செங்கல்பட்டு சுற்றி, பாலாற்றுப் பாலம் ஏறி, மதுராந்தகம் வழியாக எழுபது கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்தோம். மதுராந்தகத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது என் கணவர், “கம்பளி உனக்கும் ஒண்ணு வாங்கணும்” என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் பத்தாம் தேதி, பிள்ளைகள் இருவரையும் கூரத்தில் என் அக்காள் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். வழியில் நடந்தவற்றை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். நாக்பூருக்கு முன் ஒரு ரேடியேட்டர் குழாய் வெடித்தது, ஆக்ராவில் எனக்கு இரண்டு நாள் ஜுரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இருபத்து மூன்றாம் தேதி மணாலியில் இருந்தோம். சர்தார், “நாளைக்கே போங்கள். நாளை மறுநாளை நான் நம்பவில்லை” என்றார்.

கணவாய்க்கு ஐம்பத்தோரு கிலோமீட்டர். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, பாதி வழி அவர் ஓட்டினார். தேவதாரு மரங்கள் முடிந்து வெறும் பாறை ஆரம்பித்த இடத்தில், சாலை ஓரங்களில் பனி முதலில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது, பிறகு சாலையிலேயே. இறங்கிச் சங்கிலி மாட்ட இருவருக்கும் நாற்பது நிமிஷம் பிடித்தது. விரல்கள் வேலை செய்யவில்லை. அதற்கு மேல் நான் ஓட்டினேன். வண்டியில் சங்கிலிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பனிச் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம். பதினொன்று ஐம்பதுக்கு உச்சியில் நின்றோம்.

அழகை வர்ணிக்க எனக்குச் சொல் போதாது. காற்று கன்னத்தை அறைந்தது. மூச்சு அரைவாசிதான் வந்தது. என் கணவர் பனியில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

உச்சியில் ஒரு தார்ப்பாய்க் கூடாரத்தில் டீ கிடைத்தது. அங்கே எங்களோடு உட்கார்ந்திருந்தவள் என் வயதுப் பெண், கணவாய்க்கு அந்தப்புறம் லாஹூலைச் சேர்ந்தவள். உருளைக்கிழங்கு விற்றுவிட்டுத் திரும்பும் லாரியில் ஊருக்குப் போகிறாள். இந்தித் தேர்வு மூன்று எழுதியவர் என் கணவர். அவர் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். இன்னும் சில நாளில் கணவாய் மூடிவிடும், அப்புறம் ஆறு மாதம் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது என்றாள். ஆறு மாதம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கம்பளி நெய்வோம், சாப்பிடுவோம், தூங்குவோம், சண்டை போட்டவர்களோடு ராசியாவோம் என்று சிரித்தாள். பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: “உங்கள் ஊரில் பனியே கிடையாதா? அப்படியென்றால் நீங்கள் எப்போது ஓய்வெடுப்பீர்கள்?”

என் கணவர் அதை மொழிபெயர்த்துவிட்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகம், வருஷம் முழுவதும் வயல். வயல் இல்லாதபோது பட்டறை. இரண்டுக்கும் நடுவில் அடுப்பு. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் வேலை தானாக நின்ற நாள் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

“எங்க ஊர்ல எந்த வழியும் மூடாது. கெளம்பி வந்தாத்தான் ஓய்வுன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் சொன்னார். அவள் எழுந்து, தன் கோப்பையிலிருந்த மீதி டீயை என் கோப்பையில் ஊற்றிவிட்டு, லாரியை நோக்கி நடந்தாள். பன்னிரண்டரை மணிக்கு மேகம் இறங்கத் தொடங்கியது. சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் சூடு ஆறும்வரை அந்த டீயை மெதுவாகக் குடித்து முடித்த பிறகே எழுந்தேன்.