புதுக் கிழங்கும் எங்கள் அப்பாவும்

குலவிளக்கு அணைந்தது என்று தொடங்க வேண்டாம் என அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். "விளக்கெண்டு சொன்னால் அந்த மனுசன் சிரிக்கும். சாப்பாட்டிலை பிரியமான மனுசன், அதை எழுது" என்றார். ஆகவே அப்பா அவர்களின் முதலாம் ஆண்டு நினைவில் இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

அப்பா தென்மராட்சியில் நெல் விதைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அகதியாக இங்கு வந்து, கூர் நகரில் ஒரு விடுதியில் பத்து வருடம் கோப்பை கழுவினார். பிறகு ஓல்டன் நகரில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்குதான். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், கதைக்காமல் விட்டுவிடுவார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு அறவே கிடையாது. இதை வீட்டார் எல்லோரும் அறிவோம், மறைத்து என்ன பயன்?

அந்தச் சமையலறையில் அவருக்குக் கிடைத்த ஒரே நண்பர் ஒபின்னா. நைஜீரியாவின் இக்போ இனத்தவர், அப்பாவை விடப் பதினைந்து வயது இளையவர். இருவருடைய ஜெர்மனும் அரைகுறைதான், ஆனாலும் நாள் முழுக்கக் கதைப்பார்கள். வீட்டில் அப்பா அவரைத் 'தம்பி' என்றே சொல்வார்.

ஒரு ஆடி மாதத்து ஞாயிறு, அப்பா அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். தமிழ்க் கடையில் அந்த வாரம்தான் யாம் கிழங்கு வந்திருந்தது. எங்கள் இராசவள்ளிக் கிழங்கின் இனம்தான், உள்ளே வெள்ளையாக இருக்கும். தம்பியின் ஊர்க் கிழங்கு என்று தேடி வாங்கி, தேங்காய்ப்பாலில் பாற்கறி வைத்தார். அம்மாவைக் கிட்டவும் விடவில்லை.

ஒபின்னா சோறு சாப்பிட்டார், பருப்பு சாப்பிட்டார், கோழிக்கறி இரண்டு தரம் கேட்டு வாங்கினார். கிழங்கைக் கண்டதும், "இது இந்த வருடத்துப் புதுக் கிழங்கா?" என்று கேட்டார். "புத்தம் புதிது!" என்றார் அப்பா பெருமையோடு. ஒபின்னா முகம் மாறி, "இப்போது சாப்பிட முடியாது, மன்னியுங்கள்" என்று கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

அவர் போன பிறகு அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. "என்ர கையாலை ஆக்கினது அவனுக்கு இறங்கேல்லை" என்றார்.

ஊரில் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு திரும்பியவர்களைச் சிறுவயதில் கண்டவர் அவர். ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர் தொடாமல் விட்டால் நம்மவர்களுக்கு அதற்கு ஒரே பொருள்தான். மலரில் இதெல்லாம் எழுதலாமோ என்று பெரியப்பா தொலைபேசியில் கேட்டார். எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் காயம் இல்லாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அப்பா ஒபின்னாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வேலைக்குப் போவதும் வருவதும் ஒரே உம்மென்ற முகம். நல்லதொரு சிநேகிதம் போகப்போகிறதே என்று எங்களுக்குக் கவலை.

நான்காம் கிழமை ஒபின்னா குடும்பத்தோடு வாசலில் வந்து நின்றார். அவர்கள் ஆட்களின் புதுக் கிழங்குத் திருவிழாவாம், எல்லோரும் கட்டாயம் வரவேண்டுமாம். அப்பா அறைக்குள்ளிருந்து, "நான் வரேல்லை, நீங்கள் போங்கோ" என்றார். அம்மா கதவைத் திறந்து, "இஞ்சேருங்கோ, வீடு தேடி வந்த பிள்ளையளை வாசல்லை நிப்பாட்டிப்போட்டு என்ன வீறாப்பு? வெளிக்கிடுங்கோ" என்றார். வெளிக்கிட்டார்.

மண்டபம் நிறைய ஆட்கள். ஜெனீவாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். முன்னால் கிழங்குகள் குவிந்திருந்தன. சிவப்புத் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் நீண்ட நேரம் பிரார்த்தனை செய்தார். பிறகு சுட்ட கிழங்கை வெட்டி, செம்பனை எண்ணெயில் தோய்த்துத் தான் முதலில் உண்டார். அதுவரை ஒரு குழந்தைகூடக் கைவைக்கவில்லை. உடனே மேளம் அதிர்ந்தது. இங்கே பிறந்து பேர்ண் நகரத்து ஜெர்மன் பேசும் பிள்ளைகள், இடுப்பில் மணி கட்டி ஆடினார்கள். அவர்களுக்குப் புது வருடமே இந்தக் கிழங்கோடுதான் பிறக்கிறது என்று ஒபின்னாவின் மனைவி எனக்குச் சொன்னார்.

ஒபின்னா முதல் தட்டை நேரே அப்பாவிடம் கொண்டுவந்தார். "எங்களுக்காகப் பெரியவர் முதலில் உண்ணும் வரை நாங்கள் புதுக் கிழங்கைத் தொடக்கூடாது. அன்று அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இப்போது உங்களோடு சாப்பிடலாம்" என்றார்.

அப்பா தலையில் கைவைத்தார். "ஐயோ, எங்கட புதிர் எல்லோ இது!" என்று அம்மாவிடம் சொன்னார். தைப்பூசத்தன்று புது நெல்லைக் குத்திச் சமைத்துப் படைத்த பிறகே புது அரிசியை வாயில் வைப்பது எங்கள் வழக்கம், அதைத்தான் புதிர் எடுத்தல் என்போம். நெல் வீட்டுப் பிள்ளைக்கு அது நினைவில் வரவில்லை, கோபம் மட்டும் வந்துவிட்டது. அப்பா எழுந்து ஒபின்னாவின் இரு கைகளையும் பிடித்து, "மன்னிச்சுக்கொள் தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். என் ஆயுளில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு ஆவணியிலும் அந்த மண்டபத்தில் அப்பாவின் பாற்கறி இருக்கும். "வீட்டிலை உப்புப் பாக்கவும் வரமாட்டார், அங்கை பெரிய சமையல்காரர்" என்று அம்மா வம்புக்கு இழுப்பார். பெரிய குறை ஒன்றும் இல்லாத வருடங்கள் அவை. கடைசி மூன்று மாதங்கள் நோயில் கழிந்தன என்றாலும், மனம் நிறைந்தே போனார்.

அவரைப் பிள்ளைபோல் பார்த்த மருத்துவமனைத் தாதியருக்கும், டீட்டிகோனிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த சித்தி குடும்பத்துக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் மீதி. அப்பா மறைந்து ஐந்தாம் கிழமை அந்தத் திருவிழா வந்தது. துக்க வீட்டுக்காரர் என்று நாங்கள் போகவில்லை. மறுநாள் ஒபின்னா வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்தார். பெரியவர் தான் உண்பதற்கு முன்னால், இறந்துபோன தங்கள் மூத்தோரைப் பெயர் சொல்லி அழைத்து அவர்களின் பங்கை வைப்பாராம். இந்த முறை அந்தப் பெயர்களோடு அப்பாவின் பெயரையும் சொன்னாராம்.

"இவரின்ர பேரையோ? ஆர் சொல்லச் சொன்னது?" என்று அம்மா கேட்க, நான் அதை அவருக்கு ஜெர்மனில் சொன்னேன்.

"நான்தான் பெரியவரிடம் கேட்டேன்" என்றார் ஒபின்னா. "முதலில் உங்கள் அப்பா சாப்பிட்டார். பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம்."

— மகள்