நான் மாற்றிச் சொன்ன நத்தார்ப் படம்

நத்தார் என்றால் மற்றப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை, கேக், பாலன் இயேசுவின் குடில். எனக்குப் படம். காலைப் பூசையும் மத்தியானச் சாப்பாடும் முடிந்ததும், மாமா தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அம்மாவின் தம்பியான அவருக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. அதனால் அவருடைய சைக்கிள் பாரில் உட்காரும் உரிமை முழுவதும் எனக்கே இருந்தது. குருநகரிலிருந்து தியேட்டருக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் மகாராணிதான்.

மாமாவிடம் ஒரு சட்டம் இருந்தது. நத்தாருக்குப் பார்க்கிற படத்தில் எவரும் சாகக்கூடாது. முதல்நாளே தியேட்டர் வாசலில் நின்று, படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மறித்து, முடிவு நல்லதா என்று விசாரித்துவிடுவார். முடிவைத் தெரிந்துகொண்டு படம் பார்ப்பதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அம்மா எங்களோடு வருவதில்லை. அப்பா கடலில் தொழிலுக்குப் போன வள்ளம் திரும்பி வராமல் போனபோது எனக்கு ஏழு வயது. அதன்பின் அம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. ஆனால் படத்தின் கதை மட்டும் அவளுக்கு வேண்டும். நான் வந்ததும் குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, எழுத்தோட்டத்திலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். பாட்டு வந்தால் பாட வேண்டும். சண்டை வந்தால் அகப்பையைச் சுழற்ற வேண்டும். அம்மா சிரிப்பாள். வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற நாள் அது ஒன்றுதான் என்பதால், அந்த வேலையை நான் பெரிய உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்த நத்தாருக்கு, மாமா விசாரித்து வைத்திருந்த படத்துக்கு டிக்கட் முடிந்துவிட்டது. நான் அழத் தயாரானதைக் கண்டு அவர் சைக்கிளை அடுத்த தியேட்டருக்கு விட்டார். அங்கே ஒரு பழைய படம் மறுபடியும் வந்திருந்தது. போஸ்டரில் ஒரு பெண் ஊஞ்சலில் ஆடினாள். ஒரு குண்டு மனிதர் வாழைக்குலையோடு ஓடினார். இதில் யார் சாகப்போகிறார்கள் என்று மாமா நினைத்திருக்க வேண்டும்.

பாதிப் படம்வரை அவர் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. அதன்பின் கதாநாயகன் பாய்க்கப்பலில் ஏறினான். புயல் அடித்தது. மாமா கதிரையில் நெளியத் தொடங்கினார். கடைசியில் அவனுடைய சால்வை மட்டும் கரையொதுங்கியது. மனைவி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருக்க, படம் முடிந்துபோனது.

வெளியே வந்து மாமா சைக்கிள் பூட்டோடு வெகுநேரம் மினைக்கெட்டார்.

"இந்தக் கதையை அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை. இடையிலை படம் அறுந்து போச்செண்டு சொல்லு."

"நீங்களும் வந்து சொல்லுங்கோ மாமா."

"எனக்கு அலுவல் கிடக்கு" என்று என்னைப் படலையில் இறக்கிவிட்டு அந்த வீரர் போய்விட்டார்.

படம் அறுந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா பலகையைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுப்பில் பாரைமீன் குழம்பு கொதித்தது. குண்டு மனிதரையும் வாழைக்குலையையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கப்பல் புறப்படுகிற இடத்துக்கு வந்ததும் கதையை நிறுத்திவிட்டு அடுப்பு விறகைத் தள்ளிவிட்டேன்.

"அதுக்கு முன்னம் ஊஞ்சல் பாட்டு ஒண்டு வருமே?" என்றாள் அம்மா.

எந்தப் படத்தில்தான் ஊஞ்சல் பாட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டு அதைப் பாடினேன். இரண்டாவது அடியை நான் மறந்தபோது அவளே மெல்ல எடுத்துக்கொடுத்தாள். றேடியோவில் கேட்டிருப்பாள்.

"பேந்து?"

"பேந்து புயல் அடிச்சதம்மா. கப்பல் அங்கையும் இங்கையும் ஆடினது. ஆனால் ஒண்டும் நடக்கேல்லை. அவர் வந்திட்டார்."

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "வந்திட்டாரோ?"

"ஓம். விடியக் காலமை வந்து கதவைத் தட்டினவர்."

"வந்தவருக்குச் சாப்பிட என்ன குடுத்தவள்?"

நான் அடுப்பைப் பார்த்தேன். "சோறும் பாரைமீன் குழம்பும்."

அம்மா குழம்பை ஒருமுறை துழாவினாள். பிறகு, "நல்ல படம்" என்றாள். பொய் பிடிபடவில்லை என்ற பெருமையில் நான் அன்று ஒரு அகப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நத்தாருக்குப் புதுப்படம் பார்த்துவிட்டு வந்து நான் வாயைத் திறக்குமுன்னரே, "உது கிடக்கட்டும், அந்தக் கப்பல் படத்தைச் சொல்லு பிள்ளை" என்றாள். அதற்கடுத்த வருடமும் அதையேதான் கேட்டாள். நானும் விட்டேனா? கதாநாயகன் திரும்பி வருகிற கட்டம் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போனது. மனைவிக்குச் சீலை கொண்டுவந்தான், பிள்ளைக்குப் பொம்மை கொண்டுவந்தான். படத்தில் பிள்ளையே கிடையாது.

அம்மாவும் போய்ப் பல காலத்தின் பின், என் கெட்டித்தனத்தை மாமாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. அந்தப் படம் முதல்முறை வந்தது அப்பாவும் அம்மாவும் கலியாணம் கட்டிய வருடமாம். தங்களுடைய முதல் நத்தாருக்கு இருவரும் போய்ப் பார்த்த படம் அதுதானாம். கடைசிக் காலத்தில்தான் அக்கா தனக்கே அதைச் சொன்னா என்றார்.

ஒவ்வொரு வருடமும் நான் கதையை முடித்ததும் அம்மா ஒரு கேள்வி கேட்பாள்.

"வரேக்கை ஆள் நனைஞ்சிருந்தவரோ பிள்ளை?"

"இல்லையம்மா. ஒரு சொட்டும் நனையேல்லை."

"அது காணும், போதும்" என்று எழும்பிப் போய்க் குழம்பை இறக்கிவைப்பாள். புயலில் அகப்பட்ட மனிதருக்குத் தடிமன் பிடித்துவிடுமோ என்றுதான் அம்மா கவலைப்படுகிறாள் என்று அத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன்.