கொழும்புத் தராசு

கொழும்பில் எங்கள் அலுவலகம் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கான செயலியை அங்கேதான் செய்தார்கள். செய்தவர்களில் கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவர் யாருமில்லை. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் அங்கே நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளும் நான்தான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. ஆனால் நான் வேலைக்குச் சேருமுன்பே விதிகளையெல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள்.

செயலியைச் சோதித்துப் பார்க்க என்னைப் பொகவந்தலாவைப் பக்கம், அம்மா வேலை செய்யும் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். தராசில் சாக்கைத் தொங்கவிட்டால் நிறை கைபேசிக்கு வந்துவிடும். ஒருவர் முந்தைய நாட்களில் பறித்ததைவிட மிகவும் கூடினால் செயலி சிவப்பைக் காட்டி, அந்த நிறையைக் கணக்கில் சேர்க்காமல் நிறுத்திவிடும். நாள் முடிவில் நிறை போதாவிட்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். ஒரு வாரமாக அவர் பறிக்கும் கொழுந்தின் நிறை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் மலையில் அப்படி ஒருத்தி தவிக்கும்போது, கூட இருக்கும் பெண்கள் தங்கள் கொழுந்தில் ஆளுக்கொரு கை அள்ளி அவள் சாக்கில் போடுவார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார். நான் கைபேசியோடு நின்ற அன்று மத்தியானமும் போட்டார்கள். திரை சிவந்தது.

"என்ன புள்ள, செவப்பா காட்டுது? அரப் பேரா?" என்றார் கங்காணி.

"கொழும்புத் தராசுக்கு நம்மளப் புடிக்கல போல," என்றாள் வரிசையில் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

சிக்னலுக்காக ரோட்டுக்கு ஏறி என் மேலதிகாரியை அழைத்தேன். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே விதிதான் என்றார். காரணத்தை எழுதினால் நிறுத்திய நிறையை விடுவிக்கலாம், ஆனால் அது தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும் போகும். எழுதாமல் விடுவித்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் அவரே நினைவூட்டினார். காரணத்தை எழுதினால் துரை அந்த வழக்கத்தையே நிறுத்திவிடுவார்.

சாயங்காலம் அக்காவின் சாக்கு தராசில் தொங்கியது. ஒரு கையும் அசையவில்லை. நான் நிற்பதால்தான். திரையில் பச்சை வந்தது. நிறை போதவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் போல போடுங்கம்மா," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மா கங்காணியைப் பார்த்தார். அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அள்ளிப் போட்டார், பிறகு மற்றவர்களும். திரை மறுபடியும் சிவந்தது. மத்தியானம் நின்றதையும் சேர்த்து இரண்டு நிறைகளையும் காரணம் எழுதாமல் விடுவித்தேன். அக்காவுக்கு முழுப் பேர் விழுந்தது.

ரோட்டுக்கு ஏறியதும் மேலதிகாரி அழைத்துக் காரணம் கேட்டார்.

"எழுத மாட்டேன் சார். நீங்க ஒரு நாள் இங்க வந்து நின்னு பாத்துட்டு விதிய எழுதுங்க."

அந்த அலுவலகத்துக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வேலை நிரந்தரமாகவில்லை. விதியையும் அவர்கள் மாற்றவில்லை.