ஸ்ரீஸ்கந்தராஜா கேட்ட அனுமதி

எங்கள் பினாங்குத் தெருவில் இருபத்திரண்டு வரிசை வீடுகள். அதில் பத்தொன்பது வீடுகளின் பின்பக்கத்தை இழுத்துக் கட்டியிருந்தோம். நானும்தான். என் சமையலறையில் பாதி எந்த பிளானிலும் கிடையாது. யாரும் அனுமதி கேட்கவில்லை. எங்களையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முறைப்படி கேட்ட ஒரே மனிதர் பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராஜா. அவரைத்தான் நகராட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

முப்பத்தோரு வருடம் அரசாங்கக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். யாழ்ப்பாணக் குடும்பம். எழுத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் தாங்கமாட்டார். ஒருமுறை என் மகளுக்குப் பள்ளி லீவு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். காய்ச்சல் என்று போடச் சொன்னதற்கு என்னை முறைத்தார். "கல்யாணத்துக்குத்தானே போறீங்க, தம்பி? அதையே எழுதுவம்."

எண்பத்தாறாம் வருடத் தொடக்கத்தில் அவர் மனைவி கமலாம்பிகை அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அக்காவின் உயிரெல்லாம் பின்முற்றத்து ஆர்கிட் தொட்டிகளில்தான். பினாங்கு மழையில் அந்த சிமெண்டுத் தரை வழுக்கும். ஒருநாள் கைத்தடியோடு போய் விழுந்தார். அதிலிருந்து சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டிகளைத் தூரத்தில் பார்ப்பதோடு சரி. அதனால் முற்றத்தையே கண்ணாடி அறையாக்குவது என்று ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணன் முடிவு செய்தார். இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் கண்ணாடி, கூரையிலும் பாதி கண்ணாடி.

"கண்ணாடிதானே அண்ணே, இதுக்கு யாரு பெர்மிட் கேட்பா? கட்டுங்க லா!" என்றேன்.

"அத்திவாரம் இருக்கு, கூரை இருக்கு. அப்ப அது கட்டடம்தான் தம்பி."

சித்திரையில் பிளான் போட்டு நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். வைகாசி முடியப்போகிறது, பதில் இல்லை. வைகாசி முகூர்த்தத்தை விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணிதான். அதனால் அடிக்கல்லை மட்டும் வைத்துவிடுவது என்று ஐயரை அழைத்தார். அக்கா வலது கையால் மஞ்சளும் பூவும் போட்டார். முற்றத்து மூலையில் ஒரே ஒரு கல். அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் அன்று மத்தியானமே தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, சமய வழக்கப்படி முதல் கல் வைத்தாயிற்று, தங்கள் தகவலுக்காக, என்று அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்!

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி வேலை தொடங்கியது குற்றம், விண்ணப்பம் நிறுத்தப்படுகிறது. ஒரு கல்லுக்கு! நோட்டீஸ் கொண்டு வந்தவன் என் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் அவரிடம் கையெழுத்து வாங்கினான்.

ஐந்து மாதம் விளக்கம் எழுதினார். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றுக்கும் மதிப்பில்லை. கடைசியில் நோர்மா என்ற இளம் அதிகாரி நேரில் வந்தார். நல்ல பெண், அக்காவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. மாமா என்ற மரியாதையில் 'பாச்சிக்' என்று அழைத்து, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "கல்லை எடுத்துடுங்க பாச்சிக். புது விண்ணப்பப் பாரத்தில் 'எந்த வேலையும் ஒருபோதும் தொடங்கப்படவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பாஸ் பண்ணி வைக்கிறேன்."

"தொடங்கினோமே, அம்மா" என்றார் அண்ணன்.

"தெரியும். ஆனா தொடங்கினோம்னு எழுதினா பைல் நகராது."

அண்ணன் பேனாவைத் தொடவில்லை. அக்காதான் என்னைக் கூப்பிட்டார். வாய் கோணியிருந்தாலும் சொல் தெளிவாக இருந்தது. "கல்லைத் தோண்டுங்க, ரேமண்ட். எனக்கு வச்ச கல்தானே?" நான் தோண்டி எடுத்தேன். பிறகு கணவரைப் பார்த்தார். "எனக்கு அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கவேணும் போல கிடக்கு."

அண்ணன் எழுதினார். அழகான அந்தக் கிராணி எழுத்து அன்று கோணல்மாணலாகப் போனது. கையெழுத்திட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினெட்டே நாளில் அனுமதி வந்தது. உண்மைக்கு ஐந்து மாதம் கதவைச் சாத்தியவர்கள் பொய்க்குப் பதினெட்டு நாளில் முத்திரை குத்தினார்கள். வெட்கம் கெட்டவர்கள்!

தை பிறக்கும்போது அறை எழும்பிவிட்டது. கண்ணாடிக் கூரையில் மழை கொட்ட, அக்கா ஆர்கிட்டுகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாசற்படியில் நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோவன்" என்றார் அக்கா.

"நீ இரு. நான் இங்க நிக்கிறன்."

"வந்து உட்காருங்க லா, அண்ணே" என்று நானும் சொன்னேன்.

"அது நான் பொய் எழுதி வாங்கின இடம், தம்பி."

அக்கா என்னிடம் கையைக் காட்டி, தன் நாற்காலியைத் தொட்டிகளை விட்டு நகர்த்தி, அண்ணன் நிற்கும் வாசற்படியோரம் இழுத்துப் போடச் சொன்னார்.